தைப்பூசம் முடிந்ததும் காணாமல் போகிறவர்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் திடலில் சாயங்காலம் நடைப்பயிற்சி செய்யும் எங்கள் கூட்டத்துக்கு மார்கழியில் புதுமுகங்கள் வரும். மாசி பிறக்கும்போது அதில் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள். அவர்கள் செய்யும் தப்பெல்லாம் நான் ஏற்கெனவே செய்து கெட்டதுதான்; ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நிறையத் தண்ணீர் குடி, நேரத்தோடு தூங்கு என்பதெல்லாம் தெரியாதவர் யாருமில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

பழக்கத்தை விரதமாக எடுப்பது

2012-இல் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். 48 நாள் மாமிசம் இல்லை, பியர் இல்லை. தே தாரிக்கை (இனிப்பான பால் டீ) விட்டுவிட்டு தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ). விடியுமுன்னே குளித்து, கோயில்வரை நடை. 7 கிலோ இறங்கி, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

விரதம் முடிந்த அன்று வீட்டில் ஆட்டுப் பிரட்டல். மச்சான் இரண்டு போத்தலோடு வந்தான். அதில் ஒன்றும் தப்பில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு அலாரம் அடித்தபோது 'அதான் முடிஞ்சிருச்சே' என்று திரும்பிப் படுத்தேனே, அங்கேதான் கோட்டை விட்டேன். சித்திரைக்குள் 7 கிலோ போய் 9 கிலோ வந்தது. இப்படியே ஐந்து வருஷம். வருஷத்துக்கு ஒருமுறை உடம்பைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று பெருமை வேறு. 2017-இல் கிளினிக்கில் விரலில் குத்தி இரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள்: 14.2 mmol/L. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இன்றுவரை மாத்திரை.

விரதத்துக்குப் பலமே அதன் முடிவு நாள்தான். அதுவரை வீடே சேர்ந்து பிடித்துக்கொள்ளும். அம்மா தனிச்சட்டி எடுப்பார், யாரும் பியரை நீட்டமாட்டார்கள். நாள் முடிந்ததும் அந்த ஏற்பாடெல்லாம் கலைந்துவிடும். எனக்கு அதற்குள் பழகியிருந்தது நாள் எண்ணுவது ஒன்றுதான்.

21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று வாட்சப்பில் சுற்றுவதும் இதே கணக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். யோசிக்காமலே செய்யும் அளவுக்கு ஒரு பழக்கம் வர நடுவாக 66 நாள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

போன வருஷம் செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், 31 நாள் ஒழுங்காக நடந்தார். பெரியப்பா இறந்துபோக, இரண்டு நாள் வரவில்லை. அப்புறம் ஆளையே காணோம். கடையில் பார்த்துக் கேட்டால், "கணக்கு உடைஞ்சிருச்சுண்ணே, அடுத்த வருஷம் முதல்லேர்ந்து பார்க்கிறேன்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு ரொட்டி சானாய் இறங்கவில்லை. சாவு வீட்டுக்குப் போனால் விரதம் முறியும். நடைக்கு ஏது துடக்கு?

முருகனுக்கு எடுப்பதை முருகனுக்கே எடுங்கள். நடையைத் திருவிழா எதுவும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தில், திடலை ஒரே ஒரு சுற்று என்று ஆரம்பியுங்கள். விரதத்திலிருந்து எதையாவது வைத்துக்கொள்ள ஆசையா, தே ஓ கோசோங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிஞ்சியது அதுதான்.

மணியை நம்புவது

ஷிஃப்ட் வேலைக்காரருக்கு 'ஆறு மணி நடை' நிற்காது, ஆறு மணி வாரத்துக்கு வாரம் ஓடும். தினமும் தப்பாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். ஒருவர் வேலை பூட்ஸைக் கழற்றியதும், வீட்டுக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நடைச் சப்பாத்தை மாட்டுகிறார். உள்ளே போனால் டிவி பிடித்துக்கொள்ளுமாம்.

அப்பாவின் தட்டில் சாப்பிடுவது

அப்பா இருட்டில் எழுந்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். நிரை நிரையாக நடந்து, வாளியும் தூக்கியவருக்கு அந்தக் குவித்த சோறு வேண்டியிருந்தது. நான் லாரியில் உட்கார்ந்துகொண்டு அதே அளவு சாப்பிட்டேன்.

புதுச் சப்பாத்து

ஒரு மாதம் நடந்த பிறகு வாங்குங்கள்.

தினமும் எடை பார்ப்பது

வேண்டாம். வாரம் ஒருமுறை.

மழையைப் பார்த்துத் திரும்புவது

மத்தியானத்துக்கு மேல் மழை இங்கே புதிதா? பாசார் (சந்தை) கூரைக்கு அடியில் நாங்கள் சுற்றுவோம். மீன் பக்கம் மட்டும் வழுக்கும், ஓரமாக வாருங்கள்.