ஆந்தியாஸ் கூட்டம் குறையாமல் இருக்க

கடல்நீர்த் தொட்டியில் லயர்டெயில் ஆந்தியாஸ் என்ற பவளத்திட்டு மீன் கூட்டம் வளர்க்க ஆசையா? ஆண் மீனைத் தேடி அலைய வேண்டாம். ஐந்தாறு பெண் மீன்களை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுங்கள். இவை முதலில் பெண்ணாகத்தான் முதிர்கின்றன. கூட்டத்தில் ஆண் இல்லாவிட்டால் பெரும்பாலும் இருப்பதிலேயே பெரிய பெண் ஆணாக மாறிவிடும். ஆரஞ்சு உடலில் மெல்ல ஊதா ஏறும், முதுகுத் துடுப்பின் மூன்றாவது முள் நூல் போல நீளும். பார்க்க அவ்வளவு அழகு! சின்னத் தொட்டியில் இரண்டு ஆண் இருந்தால் ஓயாத சண்டைதான்.

சரி, உணவு. பவளத்திட்டில் நாள் முழுக்க நீரோட்டத்தில் வரும் மிதவையுயிர்களைக் கொத்தித் தின்னும் மீன் இது. ஒரே வேளை போட்டால் வயிறு ஒட்டி, ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். உறைந்த மைசிஸ் இறாலை (இறால் போன்ற குட்டி உயிர்) தொட்டி நீரிலேயே கரைத்து, நாளைக்கு மூன்று நான்கு தடவை, பம்ப் தள்ளும் நீரோட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அடியில் விழுந்ததைப் பெரும்பாலும் தேடிப் போகாது. அப்புறம், இத்தனை தடவை தீனி போட்டால் நீரில் கழிவு சேர்ந்து நைட்ரேட் ஏறும் என்பதால் புரோட்டீன் ஸ்கிம்மர் (நுரையாகக் கழிவை வெளியேற்றும் கருவி) நன்றாக ஓட வேண்டும். மேலே வலைமூடி கட்டாயம்; துள்ளி வெளியே விழுந்துவிடும்.