நேரமே கிளம்பி, வெயிலுக்கு முந்தி வீடு: ஈரோட்டுக்காரர்களுக்கு மூன்று ஞாயிறு

ஈரோட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே சுற்றப் போகிறேன் என்றால், "இந்த வெயில்லயா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எங்கெங்கே 100 டிகிரியைத் தாண்டியது என்று டிவியில் பட்டியல் வாசிக்கும்போது, கரூர் பரமத்தியோடு நம் ஊர்ப் பெயரும் அடிக்கடி வருகிறது. ஆனாலும் சில வருடங்களாக என் ஞாயிறு காலைகள் வெளியேதான் கழிகின்றன. மலையேற்ற வீரனோ பறவை நிபுணனோ கிடையாது. வாரம் ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆள்தான். இதுவரை நடக்கவே நடக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தை பிறந்ததும் தொடங்கினால் நல்லது. பங்குனி வருவதற்குள் உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்கும்.

படி 1: திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

எல்லோரும் கிளம்பும் நேரத்தைத்தான் பேசி வைப்பார்கள். அது எப்படியும் அரை மணி தள்ளிப்போகும், கூடவே திரும்புவதும் தள்ளிப்போய் உச்சி வெயிலில் வந்து முடியும். அதனால் வீட்டுக்குள் எத்தனை மணிக்குக் கால் வைப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். என் கணக்கு இது: கார்த்திகை முதல் மாசி வரை பத்தரை மணி, பங்குனி முதல் வைகாசி வரை ஒன்பது மணி. ஆடி மாதம் காற்றும் மேகமும் இருப்பதால் பத்து வரை தாங்கும். கிளம்பத் தாமதமானால் போகிற தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் நேரத்தில் கை வைக்காதீர்கள்.

உதாரணத்துக்கு, இரண்டாம் ஞாயிறு போகப்போகிற வெள்ளோடு பறவைகள் சரணாலயம். போக அரை மணி, பார்க்க இரண்டு மணி, வர அரை மணி, வழியில் டீக்குக் கால் மணி. பத்தரைக்கு வீடு என்றால் ஏழேகாலுக்குக் கிளம்பலாம் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் பறவைகள் அதற்கு முன்பே இரை தேடத் தொடங்கிவிடும். தை மாதத்தில் ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் வரும், ஆகவே ஆறு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

படி 2: ஒரு வாரம் தெருவிலேயே நடங்கள்

ஏசி அறையில் கிடந்த உடம்பை நேராக மலைப்படியில் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதோடு வெளியேறும் உப்பும் குறையும். தினமும் காலையில் இருபது நிமிடம் போதும். நெஞ்சு வலி, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 3: பையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்பு போட்ட நீர்மோர், தொப்பி, ஒரு காட்டன் துண்டு. துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால், தொப்பி தராத குளிர்ச்சி கிடைக்கும். முழுக்கை பருத்திச் சட்டை போடுங்கள்; ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது.

பாட்டிலுக்கு ஒரு வேலை செய்யலாம். பழைய பருத்தி சாக்ஸ் ஒன்றை நன்றாகத் துவைத்து, நனைத்து, பாட்டிலுக்கு மாட்டி, வண்டியின் ஹேண்டில்பாரில் காற்றுப்படும்படி கட்டித் தொங்கவிடுங்கள். ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பதும் இப்படித்தான். நம்மூர்க் காற்று வறட்சியாக இருப்பதால் இது நன்றாகவே வேலை செய்கிறது, கடற்கரை ஊர்களில் இந்த அளவுக்குப் பலிக்காது. சாக்ஸைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

படி 4: முதல் ஞாயிறு, வாய்க்கால் கரை

பவானிக்குப் பக்கத்தில் காளிங்கராயன் அணைக்கட்டில் தொடங்கி, கொடுமுடிப் பக்கம் வரை 90 கிலோமீட்டர் போகிறது காளிங்கராயன் வாய்க்கால். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது, இன்றைக்கும் வெள்ளாமைக்குத் தண்ணீர் தருகிறது. நகரத்துக்குள் நுழைந்தபிறகு மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால், பவானிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுக் கரையோடு நடங்கள். ஒரு பக்கம் வாழை, இன்னொரு பக்கம் மஞ்சள் காடு. தை, மாசியில் போனால் தோண்டிய மஞ்சளை வேகவைக்கும் மணம் புகையோடு கலந்து வரும். போக ஒன்றரை கிலோமீட்டர், வர ஒன்றரை. முதல் நாளைக்கு இது போதும்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு வாய்க்கால் தேவையில்லை. இருபுறமும் கிளுவை வேலி கட்டிய இட்டேரி (காட்டுக்கு நடுவே போகும் மண்தடம்) ஒன்றில் இறங்கி நடந்தாலே போதும். கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், வெள்வேல மரத்தடியில் மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டே போகலாம். படலைத் திறந்தால் மறக்காமல் சாத்திவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் மாடு வெளியே போய்விடும்.

படி 5: இரண்டாம் ஞாயிறு, வெள்ளோடு

ஈரோட்டிலிருந்து சென்னிமலைச் சாலையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற ஏரி இது. பறவைகள் மிரளக்கூடாது என்று சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்களே அவ்வளவு அமைதி காக்கும்போது நாம் செல்போனில் பாட்டுப் போடலாமா?

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்புறக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். கையில் பிடித்தால் படம் நடுங்கும், ஒன்றும் தெரியாது.

வாங்கியதும் பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். முதலில் இரண்டு குழாயையும் விரித்து, சுருக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். அப்புறம் வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் ஒரு குச்சியை இடது கண்ணால் பார்த்தபடி நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி அதே குச்சியைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனி தொடவேண்டாம், மற்றதெல்லாம் நடுச்சக்கரத்தின் வேலை. பறவையைப் பார்த்ததும் கண்ணை அதன்மேலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைத் தேடினீர்கள் என்றால் பறவையைத் தொலைத்துவிடுவீர்கள்.

சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். முதல் நாளில் நான்கு பறவை தெரிந்துகொண்டால் போதும். கீழ் அலகில் பை தொங்குவது கூழைக்கடா. வளைந்த மூக்கோடு சேற்றைக் கிளறுவது அரிவாள் மூக்கன். பொசுக்கென்று முங்கி வேறெங்கோ எழுவது முக்குளிப்பான். தண்ணீருக்கு மேலே பாம்பு மாதிரி கழுத்து மட்டும் தெரிந்தால் பாம்புத்தாரா. அதன் இறகு தண்ணீரில் ஊறிவிடும், அதனால் மீன் பிடித்து முடித்ததும் பட்டமரத்தில் ஏறி, சிறகை அகல விரித்துத் துணி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். நான் ஒருமுறை இருபது நிமிடம் பார்த்தேன், அசையவே இல்லை. ஐந்தாவதாக ஆள்காட்டி. அதை நீங்கள் தேடவேண்டியதில்லை, அதுவே உங்களைக் கண்டுபிடித்து ஏரி முழுக்கக் கத்திச் சொல்லிவிடும்.

ஏரியில் தண்ணீர் இருந்தால்தான் இதெல்லாம். மழை பொய்த்த வருடம் சித்திரையில் போனால் சேறும் வேலமரமும்தான் மிச்சம்.

படி 6: மூன்றாம் ஞாயிறு, சென்னிமலை

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் சென்னிமலை. முருகன் கோயிலுக்கு 1320 படிகள். வண்டி போக மலைப்பாதையும் உண்டு, ஆனால் நாம் வந்தது அதற்கில்லை.

செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறுவது வழக்கம். என் முட்டாள்தனம் அங்கேதான் தொடங்கியது. ஒரு பங்குனி ஞாயிறு, மச்சானைக் கூட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினேன். ஏறும்போது படி இதமான சூடாகத்தான் இருந்தது. மேலே கும்பிட்டு, உட்கார்ந்து கதை பேசி, இறங்கும்போது மணி பதினொன்று. கல்லில் கால் வைக்க முடியவில்லை. நிழல் விழுந்த இடத்திலிருந்து அடுத்த நிழலுக்கு ஓடுவோம், நிற்போம், மறுபடி ஓடுவோம். கடைசியில் மச்சான் துண்டை இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டான். அடிவாரத்தில் பூ விற்ற பாட்டி எங்களைப் பார்த்துவிட்டு, "நேரமே வந்திருக்கலாமுல்ல சாமி" என்றார். இரண்டு நாள் குதிகாலால் நடந்தேன்.

அதனால் ஆறு மணிக்கு முதல் படியில் இருங்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். பேச்சுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், நின்று ஏறுங்கள். இறங்கும்போது பக்கவாட்டில் கால் வைத்து மெதுவாக இறங்கினால் முட்டி தப்பிக்கும்.

வெயில் தாக்கினால்

தலைவலி, குமட்டல், கால் தசை பிடிப்பு வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிழலில் உட்கார்ந்து, துண்டை நனைத்து உடம்பைத் துடைத்து, ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேச்சு குழறினாலோ, ஆள் மயங்கினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

குளிக்க ஆசைப்பட்டால்

கீழ்பவானி வாய்க்காலில் மட்டும் இறங்காதீர்கள். பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் இழுப்பு அதிகம், ஏறக் கரையும் கிடைக்காது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் கொடிவேரி அணை இருக்கிறது, அங்கே போங்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அணைக்குப் பக்கத்தில் மசாலா தடவிப் பொரிக்கும் மீன் வாசம் உள்ளே போகும்போதே இழுக்கும். குளித்துவிட்டு வந்து சாப்பிடுங்கள், பசியும் அப்போதுதான் சரியாக இருக்கும். திரும்பும் வழியில் தெளுவு (பதநீர்) விற்றால் வண்டியை நிறுத்துங்கள். அதுவும் வெயில் ஏறிப் புளிப்பதற்கு முன்னால்தான்.