ப்ளூ மேசா நீர்த்தேக்கத்தில் கோகனி சால்மன் பிடிப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

தூண்டில் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கலர் கலரான செயற்கை இரைகள்தான். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பணத்தை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ப்ளூ மேசாவில் நிறத்துக்கு மூன்றாவது இடம்தான். முதலில் ஆழம், அடுத்து வேகம். இவை இரண்டும் சரியாக இருந்தால் மங்கிப்போன பழைய இரையிலும் மீன் விழும்.

கன்னிசன் ஆற்றின் குறுக்கே 1966இல் கட்டி முடித்த அணை இது. நிரம்பியிருக்கும்போது நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,500 அடி உயரத்தில் நிற்கும். நீளம் சுமார் 20 மைல். ஆழமான இடங்களில் 300 அடியைத் தாண்டும். ரெயின்போ, பிரவுன், லேக் டிரவுட் என டிரவுட் மீன் வகைகளும் இருக்கின்றன. ஆனாலும் கோடையில் பலர் படகை இழுத்துக்கொண்டு வருவது கோகனிக்காகத்தான். கடலுக்கே போகாமல் ஏரியில் வளரும் சாக்ஐ சால்மன் அது. தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னஞ்சிறு உயிரினங்கள்தான் அதன் சாப்பாடு. பசிக்காக நம் இரையைக் கடிப்பதில்லை, குறுக்கே வந்த எரிச்சலில்தான் கடிக்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

1. கிளம்பும் முன்

16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். ஒருவருக்கு ஒரு தூண்டில்தான் கணக்கு. இரண்டாவது போட வேண்டுமென்றால் அதற்குத் தனி முத்திரை (ஸ்டாம்ப் என்கிற கூடுதல் அனுமதி) வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மீன் எடுக்கலாம் என்பதை அந்தந்த ஆண்டு விதிப் புத்தகத்தில் பாருங்கள், மாறக்கூடியது. சொந்தப் படகு என்றால் சிப்பி போன்ற அந்நிய உயிரினங்கள் ஒட்டியிருக்கிறதா என்று சோதித்த பிறகே தண்ணீரில் இறக்க விடுவார்கள். சோதனை நேரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கோகனிக்கு விடியற்காலைதான் நேரம்.

2. சாமான்கள்

7 அல்லது 8 அடி நீளத்தில், நன்றாக வளைந்து கொடுக்கிற மெல்லிய ராட் (தூண்டில் கோல்). 8 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு (தூண்டில் நூல்) போதும். கடினமான ராட் வேண்டவே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. நரம்பை ஆழத்துக்குக் கொண்டுபோக டவுன்ரிக்கர் தேவை. படகின் ஓரத்தில் பொருத்திய சிறு ராட்டினம், அதில் கம்பி, கம்பி நுனியில் 8 முதல் 10 பவுண்டு ஈயக்குண்டு, குண்டின் அருகே நம் நரம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப். மீன் இழுத்ததும் கிளிப் விட்டுவிடும். அதற்குப் பிறகு நமக்கும் மீனுக்கும் நடுவில் குண்டு இருக்காது. இதோடு மீனையும் ஆழத்தையும் காட்டும் சோனார், நீளக் கைப்பிடி வைத்த கைவலை, ஐஸ் பெட்டி.

3. ஆழத்தைக் கண்டுபிடிப்பது

கோகனிக்குப் பிடித்த தண்ணீர் 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட். கோடை ஏறஏற மேல்தண்ணீர் சூடாகும், அந்தக் குளிர்ந்த அடுக்கு கீழே இறங்கும், மீனும் கூடவே இறங்கும். கோடைத் தொடக்கத்தில் 20, 30 அடியில் கிடைத்த மீன் ஆகஸ்டில் 60 அடிக்கும் கீழே போயிருக்கும். வெயில் ஏறும்போது காலைக்குள்ளேயேகூடச் சில அடிகள் இறங்கிவிடும்.

சோனார் திரையில் நடுத்தண்ணீரில் கூட்டமாக வளைவுகள் தெரிந்தால் பெரும்பாலும் கோகனி. தரையை ஒட்டித் தனியாகத் தடித்த கோடு தெரிந்தால் லேக் டிரவுட்டாக இருக்கலாம். குண்டை மீன் இருக்கும் ஆழத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். மீன் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் பார்க்கும், இரைக்காகக் கீழே இறங்கி வருவது அரிது. இன்னொன்று: படகு ஓடும்போது குண்டு நேராகத் தொங்காமல் பின்னால் சாயும். டவுன்ரிக்கரில் கம்பி நீளத்தைக் காட்டும் அளவுமானி 70 அடி என்று காட்டினாலும் குண்டு அதைவிட மேலேதான் இருக்கும்.

4. கோர்ப்பது

நரம்பு நுனியில் டாட்ஜர் என்கிற பளபளக்கும் தகடு. தூரத்து மீனை இழுப்பதும், பின்னால் வரும் இரையை ஆட்டுவதும் அதன் வேலை. அதன் பின்னால் ரப்பர் கணவாய்க் குஞ்சு. இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சில் ஆரம்பியுங்கள். ரப்பருக்குத் தானாக அசையத் தெரியாது. அதனால் டாட்ஜருக்கும் ரப்பருக்கும் நடுவிலுள்ள இடைநரம்பு டாட்ஜரின் நீளத்தைப்போல ஒன்றரை அல்லது இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. நீளமானால் ஆட்டம் செத்துவிடும். முள்ளில் ஒன்றிரண்டு வெள்ளைச் சோளமணி குத்துங்கள். இரையைப் படகுக்குப் பின்னால் 40 அடி போல விட்டு, நரம்பைக் கிளிப்பில் மாட்டிக் குண்டை இறக்குங்கள். கிளிப்பில் இறுக்கம் குறைவாக இருக்கட்டும்.

5. ஓட்டுவது

மணிக்கு 1.2 முதல் 1.5 மைல், அவ்வளவுதான். நேர்கோட்டில் ஓட்டாதீர்கள், பெரிய எஸ் போட்டு வளைந்து வளைந்து போங்கள். திரும்பும்போது வெளிப்பக்கத்து இரை வேகமெடுக்கும், உள்பக்கத்து இரை தளர்ந்து இறங்கும். வெளிப்பக்கத்தில் மீன் அடித்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், உள்பக்கம் என்றால் குறையுங்கள். வேறு யாரிடமும் கேட்க வேண்டாம், மீனே சொல்லிவிடும்.

6. மாட்டியதும்

கிளிப்பின் இழுப்பில் ராட் வில்லாக வளைந்து நிற்கும். மீன் அடித்தால் முதலில் அது விசுக்கென்று நிமிரும், பிறகுதான் துடிக்கும். சிறிய மீன் கிளிப்பை விடுவிக்காமலே தொங்கிக்கொண்டு வரும்; ராட் நுனியில் வெறும் நடுக்கம்தான் தெரியும். பதறி வெட்டி இழுக்காதீர்கள். கோகனியின் வாய் மிக மென்மையானது, முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ராட் மெல்லியதாக வேண்டும் என்றது இதற்குத்தான். நரம்பு தளரவும் கூடாது. படகருகே வந்ததும் துள்ளும், சுழலும். பல மீன்கள் போவது இங்கேதான். வலையைத் தண்ணீருக்குள் வைத்து, மீனைத் தலைப்பக்கமாக அதன்மேல் இழுத்து வாருங்கள்.

ஆழத்திலிருந்து ஏற்றி, சூடான மேல்தண்ணீரில் விடும் கோகனி பிழைப்பது கடினம். தேவையான அளவு பிடித்ததும் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் மதியத்துக்கு மேல் மலைக்காற்றும் இடியும் கிளம்பும்; தண்ணீர் கோடையிலும் சில்லிடும். உயிர்காப்பு உடையைக் கழற்றாமல், மேகம் கூடும் முன்பே கரை திரும்புங்கள்.

7. ஐஸிலிருந்து அடுப்புக்கு

பிடித்த உடனே செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து ஐஸில் புதையுங்கள். கொழுப்புள்ள செஞ்சதை, வெயிலில் கிடந்தால் சீக்கிரம் குழைந்துவிடும். செதில் பொடி என்பதால் சீவுவது எளிது. இதைப் புளிக்குழம்பில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மஞ்சள், மிளகு, உப்பு தடவி, தோல் கீழே இருக்கும்படி தோசைக்கல்லில் போட்டு, ஓரம் வெளுத்ததும் எடுத்துவிடுங்கள்.

படகு இல்லாதவர்கள் கோடையில் கரையிலிருந்து கோகனிக்கு முயல்வது வீண். வசந்தத்தில் பனிக்கட்டி உருகியவுடனோ இலையுதிர் காலத்திலோ வாருங்கள். அப்போது கரையோரத் தண்ணீரும் குளிர்ந்திருக்கும், ரெயின்போவும் பிரவுனும் கைக்கெட்டும் தூரத்துக்கு வரும். அதற்கு ஒரு சாதாரண ராடும் சிறிய ஸ்பூன் இரையும் (கரண்டி வடிவத் தகடு) போதும்.