உடல் கடிகார மரபணுச் செய்தியைப் படிப்பது எப்படி?

மார்பகப் புற்றுநோயின் போக்கை உடல் கடிகார மரபணுக்களே சொல்லிவிடும் என்று எங்காவது படித்தால், எதில் அளந்தார்கள் என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் அது அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டியாகத்தான் இருக்கும். ராயபுரத்தில் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். மீன் ஏலத்துக்காக நடுச்சாமத்திலேயே காசிமேட்டுக்குப் போகும் அக்காமார்கள், "எனக்கும் அந்த மரபணுவைப் பார்த்துச் சொல்லேன்மா" என்று கேட்கிறார்கள். நோயே இல்லாதவருக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை. இரவு வேலை புற்றுநோய்க்கு 'அநேகமாகக் காரணமாகலாம்' என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் சொன்னது, 2019இல் மறுபடியும் உறுதிசெய்தது. அது நோய் வருமா என்ற கேள்வி. வந்த நோய் எப்படிப் போகும் என்பது வேறு.

உடல் கடிகாரம் ஓடுவது இப்படி: கிளாக், பிமால்1 என்னும் மரபணுக்கள் பெர், கிரை என்னும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அவற்றின் புரதம் சேரச் சேர, முடுக்கியவற்றையே அடக்குகிறது. இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ 24 மணி நேரம். செல் பிரிவதும் இந்தச் சுற்றோடு பிணைந்திருக்கிறது. பெர் மரபணுக்களும் கிரை2வும் கட்டியில் தளராமல் இருந்தவர்களுக்கு நோய் பரவுவது தாமதமானதாகச் சில ஆய்வுகள் காட்டின.

அடுத்து, ஹார்மோன் ஏற்பி (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி) உள்ள கட்டி, வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதம் மிகுந்த கட்டி, இந்த மூன்றும் இல்லாத கட்டி என்று பிரித்துக் கணக்கிட்டார்களா என்று பாருங்கள். இவற்றின் போக்கே வேறுவேறு. பிரிக்காவிட்டால் கடிகாரத்தின் பெயரில் கட்டியின் வகையைத்தான் அளந்திருப்பார்கள்.

நான் விடாமல் பார்ப்பது நேரம். இந்த மரபணுக்கள் பொழுதுக்கேற்ப ஏறி இறங்குபவை. காலை ஒன்பது மணிக்கு வெட்டிய கட்டியையும் மாலை நான்கு மணிக்கு வெட்டியதையும் அப்படியே ஒப்பிட முடியாது. பழைய ஆய்வுகள் பலவற்றில் அந்த நேரமே பதிவாகவில்லை. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் உள்ள டப்பாவின் லேபிளில் இரண்டு நேரங்கள் இருக்க வேண்டும்: கட்டியை எடுத்தது, ஃபார்மலினில் போட்டது. இடைவெளி ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிறகு 6 முதல் 72 மணி நேரம் ஊறவேண்டும். இது தவறினால் ஹார்மோன் ஏற்பிச் சோதனையே பிசகலாம். லேபிளில் நேரம் இல்லையென்றால் ஆபரேஷன் தியேட்டருக்கு போன் போட்டுக் கேட்காமல் நான் டப்பாவைத் திறப்பதில்லை.

வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியாகியிருந்தால் கடிகார மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். இன்று சிகிச்சையை முடிவுசெய்பவை ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2, கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது), கட்டியின் அளவு, அக்குள் நெறிகட்டிக்கு நோய் பரவியிருக்கிறதா என்பது. ரிப்போர்ட்டில் இவை ஐந்தும் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கச் சிலருக்கு மருத்துவர் எழுதித்தரும் 21 மரபணுச் சோதனையிலும் கடிகார மரபணு எதுவும் கிடையாது.

கட்டியின் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கின் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ வேறு மருத்துவமனைக்கோ மாறினால் பிளாக்கும் ஸ்லைடும் உங்களோடு போகவேண்டும்.