தேயிலை மலை எலும்பில் பழைய நோயைத் தேடும் முறை

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டும்போது மனித எலும்பு தட்டுப்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். முதலில் பொலிஸுக்குச் சொல்லுங்கள். எந்தக் காலத்து எலும்பு என்று தெரியாதவரை அது நீதவானின் பொறுப்பு. பழையதுதான் என்று உறுதியானபின் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தோட்டத்து மயானம் என்றால் அந்தக் குடும்பங்களின் சம்மதமும் வேண்டும். அதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள்.

பழைய நோயைத் தேடுவது என்றால், எலும்பிலும் பல்லிலும் மிஞ்சிய கிருமியின் டிஎன்ஏயை (மரபுப் பொருளை) தேடுவதுதான். மலையகத்துக் குளிர் டிஎன்ஏக்கு நல்லது, மண்தான் ஆகாது. தேயிலை மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; 7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும்) பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை. அந்தப் புளிப்பில் எலும்பின் கனிமம் கரையும்; அதில் ஒட்டியிருக்கும் டிஎன்ஏயும் மழையோடு போய்விடும். ஆகவே பல்லைத் தேடுங்கள். பூச்சி விழாத, வேர்நுனி உடையாத கடைவாய்ப் பல் சிறந்தது. உயிரோடிருந்தபோது இரத்தத்தில் ஓடிய கிருமி, பல்லின் நடுவே பற்கூழ் என்ற மென்சதை இருந்த குழிக்குள் காய்ந்து ஒட்டியிருக்கும். காதடிக் கல்லெலும்பில் மனித டிஎன்ஏ நிறையக் கிடைத்தாலும் கிருமி அரிது. காசநோய்க்கு அரித்துப்போன முள்ளெலும்பும், தொழுநோய்க்கு மூக்கடி எலும்பும் உதவும்.

கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். கழுவவும் வேண்டாம், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம், வார்னிஷ் பூசவும் வேண்டாம். நிழலில் உலர்த்தித் தாள் உறையில் போடுங்கள். ஈரத்தோடு பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பல்லை ஒட்டிய மண்ணில் ஒரு கரண்டி தனியாக எடுத்துவையுங்கள். கடைசியில் முடிவைக் காப்பாற்றுவது அந்த மண்தான்.

ஆய்வுகூடத்தில் பல்லின் மேற்பரப்பைப் பிளீச்சால் துடைத்து, புறஊதா ஒளி காட்டி, கிரீடத்தையும் வேரையும் பிரித்து அறுக்க வேண்டும். வேகமாகச் சுழற்றினால் சூடேறி டிஎன்ஏ சிதையும். குழியின் சுவரிலிருந்து சுமார் 50 மில்லிகிராம் தூள் போதும். அதை 0.5 மோலார் செறிவுள்ள ஈடிடிஏ (கனிமத்தைக் கரைக்கும் இரசாயனம்) 1 மில்லிலீற்றரில் புரோட்டினேஸ் கே (புரதத்தைச் சிதைக்கும் நொதியம்) சேர்த்து, 37 பாகை செல்சியசில் இரவு முழுதும் சுழலவிட்டு, வெளிவரும் டிஎன்ஏயைச் சிலிக்காவில் பிடியுங்கள். தூள் போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் கூடவே போகட்டும். அதில் கிருமி தெரிந்தால் அந்தத் தொகுதியையே நம்ப முடியாது.

பிடித்த டிஎன்ஏயின் வரிசையை இயந்திரத்தில் வாசித்தபின், பலர் சறுக்குவது அந்த முடிவைப் படிக்கும்போதுதான். காசநோய்க் கிருமியின் உறவுக்கார பக்டீரியாக்கள் மண்ணில் ஏராளம். வாசித்த டிஎன்ஏ துண்டுகள் காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதியில் (அதன் முழு டிஎன்ஏ வரிசையில்) நாலைந்து இடங்களில் மட்டும் குவிந்தால் அது மண்ணின் பக்டீரியா. எங்கும் சீராகப் பரவினால் நம்பலாம். பழைய டிஎன்ஏ என்றால் துண்டுகள் குட்டையாகவும், நுனிகளில் சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்து தைமின் என்ற எழுத்தாக மாறியும் இருக்க வேண்டும். எடுத்துவைத்த மண்ணிலும் அதே வரிசை வந்தால் விட்டுவிடுங்கள்.

ஒன்றும் கிடைக்காததால் நோய் இருக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்து மாத்தளை வரை நடந்தவர்களைக் கொன்ற வாந்திபேதியின் (கொலராவின்) கிருமி குடலோடு நின்றுவிடும். பல்லில் அதை எதிர்பார்க்க முடியாது. மலேரியா மிக மங்கலாகவே தெரியும். பெரியம்மை வைரஸ் டிஎன்ஏ வகை என்பதால் தேடிப் பார்க்கலாம்.