தரையை ஒட்டிய மரத்தளம்: பலகைக்கு அடியில் செய்யும் தவறுகள்

கொல்லைப்புறத்தில் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மரத்தளம் போடுவது எளிய வேலையாகத் தெரியும். உயரமான தூண் வேண்டாம், கைப்பிடி வேண்டாம். ஆனால் உயரத்தில் நிற்கும் தளத்தைவிட இதுதான் சீக்கிரம் இற்றுப்போகும். உயரமான தளத்துக்கு அடியில் காற்று ஓடும். ஆள் புகுந்து பழுது பார்க்கலாம். இதிலோ பலகையை முடுக்கிய பிறகு கைகூட நுழையாது. ஆகவே பெரிய தவறுகளெல்லாம் பலகைக்கு முந்தைய கட்டத்தில்தான் நடக்கின்றன.

பலகையைத் தாங்கும் மரச்சட்டங்களைப் புல்லின் மேலேயே பரப்புவது அவற்றில் முதலாவது. புல்லும் வேரும் மட்கும், மண் அமுங்கும், தளம் ஒருபக்கம் சாயும். மேல்மண்ணை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். எடுத்த இடம் பள்ளமாகி மழைநீரைத் தேக்கினால் அதுவும் கேடுதான். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, மீட்டருக்கு 2 செ.மீ. அளவுக்கு மண்ணுக்கு வாட்டம் கொடுங்கள். களை வராதிருக்கப் பலர் பிளாஸ்டிக் தாளை விரிக்கிறார்கள். தண்ணீர் அதன்மேல் தேங்கிச் சட்டங்களை ஓயாமல் நனைக்கும். நீர் இறங்கக்கூடிய களைத்தடுப்புத் துணியை விரித்து, மேலே ஜல்லி கொட்டுவதே சரி. தோண்டுவதற்கு முன் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது மரம். அழுகாமலிருக்க மருந்தேற்றிய மரம் என்று கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. தரைக்கு மேலே பயன்படுத்துவதற்கு ஒரு தரம், மண்ணைத் தொடும் இடத்துக்கு இன்னொரு தரம் உண்டு, முத்திரையில் எழுதியிருக்கும். சட்டம் மண்ணைத் தொடாவிட்டாலும் தாழ்ந்த தளத்துக்கு மண்ணைத் தொடும் இடத்துக்கான தரத்தையே வாங்குங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் பூஞ்சை வளராது. காற்றோட்டம் குறைந்த அடிப்பகுதியில் அந்த அளவைக் காப்பது கடினம். அறுத்த முனைகளை அப்படியே விடுவதும் வழக்கமான தவறு. மருந்து பெரும்பாலும் மரத்தின் வெளிப்பகுதியில்தான் இறங்கியிருக்கும். அறுத்ததும் மருந்து ஏறாத உள்மரம் வெளியே தெரிகிறது. அங்கே செம்புக் கலவை மருந்தைத் தூரிகையால் பூச வேண்டும். இன்றைய மருந்துகள் பலவற்றில் செம்பு இருப்பதால் சாதாரண இரும்புத் திருகாணி விரைவில் அரித்துப்போகும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குங்கள். இரண்டையும் ஒரே இணைப்பில் கலக்காதீர்கள்.

இவ்வளவு தாழ்ந்த தளத்தை வீட்டுச் சுவரோடு பிணைக்கத் தேவையே இல்லை. பிணைத்த இடத்தில் நீர் புகுந்தால் தளத்தோடு சுவரும் கெடும். தனித்து நிற்கவிட்டுச் சிறு இடைவெளி கொடுங்கள். தளத்தின் மேற்பரப்பு வாசற்படிக்குக் கீழேயே இருக்கட்டும். நிலம் உறையும் குளிர்ப் பகுதியில் அஸ்திவாரத்தின் ஆழத்தை உள்ளூர்க் கட்டட விதி சொல்லும். அதைக் கேட்காமல் கட்டையை ஊன்றினால் உறைபனி அதைத் தூக்கிவிடும்.

சட்டங்களுக்கு இடையே 40 செ.மீ. என்பது மரப்பலகைக்கு வழக்கமான கணக்கு. பிளாஸ்டிக் கலந்த செயற்கைப் பலகைக்கு, குறிப்பாக மூலைவாட்டில் பதிக்கும்போது, 30 செ.மீ. வரை நெருக்க வேண்டியிருக்கும். அது வெயிலில் நீளவாக்கில் விரிவதால் முனை இடைவெளியைத் தயாரிப்பாளர் சொன்னபடி விடுங்கள். மரப்பலகையில் கணக்கு வேறு: ஈரமாக வந்ததை நெருக்கிப் பதித்தாலும் காய்ந்து சுருங்கி இடைவெளி தானாக வரும், காய்ந்த பலகைக்கு 3 முதல் 5 மி.மீ. விட வேண்டும்.

அழகுக்காகச் சுற்றிலும் பலகையடித்து மூடுகிறவர்கள் காற்றின் வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு இருக்கட்டும். சாக்கடைத் தொட்டியின் மூடியோ தண்ணீர்க் குழாயின் வால்வோ அடியில் வந்தால், அதற்கு நேர் மேலே நாலைந்து பலகைகளைத் தனிச் சட்டத்தில் பூட்டி, தூக்கி எடுக்கும்படி வையுங்கள். அவற்றுக்கு ஆணி அடிக்காமல் திருகாணியே போடுங்கள்.