பழைய சோவியத் ஓவர்டிரைவ் பெடலை வாங்குவதும் பழக்குவதும்

1970, 80களில் சோவியத் ஆலைகளில் செய்யப்பட்ட ஓவர்டிரைவ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதி கருவி) ஒன்றை வாங்க நினைப்பவர், விலை பேசும்போதே அதன் உட்புறப் படத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது. அக்காலத்துக் கேஎம் வகைப் பீங்கான் கெப்பாசிட்டர்களில் பல்லேடியமும் பிளாட்டினமும் இருப்பதால், அவற்றை மட்டும் பிடுங்கி விற்றுவிட்டு வெறுங்கூட்டைச் சந்தைக்கு அனுப்புவோர் உண்டு.

பெடல் வந்து சேர்ந்ததும் இணைப்பைக் கவனியுங்கள். பெரும்பாலானவற்றில் நம் கிட்டார் கேபிள் நுழையாது. ஐந்து முனை கொண்ட டின் (DIN) எனும் வட்டச் சாக்கெட்தான் இருக்கும். அதன் நடு முனையே வழக்கமாகத் தரை இணைப்பு என்றாலும், மல்டிமீட்டரால் உறுதிசெய்த பிறகே மாற்றுக் கேபிள் செய்யுங்கள்; பெட்டியில் துளையிட வேண்டாம். ரஷ்ய எழுத்து தெரியாதவர்களுக்கு ஓர் எளிய வழி: சாக்கெட்டருகே உள்ள நான்கெழுத்துச் சொல் உள்ளீடு, ஐந்தெழுத்துச் சொல் வெளியீடு.

மின்சாரத்தில் அவசரம் கூடாது. எம்பி39 முதல் எம்பி42 வரையான ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் பிஎன்பி வகை என்பதால், அவற்றைக் கொண்ட பெடலில் பேட்டரியின் நேர்முனை உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கக்கூடும்; அதை, எதிர்முனை பெட்டியோடு இணைந்த மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். தனி 9 வோல்ட் பேட்டரியே பாதுகாப்பானது. கே50-6 என்று அச்சிட்ட எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இத்தனை ஆண்டுகளில் உலர்ந்திருக்கும் என்பதால் அவற்றை மட்டும் அதே மதிப்பில் மாற்றுங்கள்.

மற்ற உறுப்புகளைத் தொடாதிருப்பதுதான் என் பரிந்துரை, ஏனெனில் இந்தப் பெடலின் குணம் அவற்றின் குறைகளில்தான் இருக்கிறது. டி9 ஜெர்மானியம் டையோடு ஏறத்தாழ 0.3 வோல்ட்டிலேயே அலையின் முகட்டை மெல்ல மழுக்கத் தொடங்க, சிலிக்கான் டையோடு அதன் இருமடங்கு வரை பொறுத்திருந்து சட்டென வெட்டும். 741 சிப்புக்கு இணையான கே140யுடி7 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) உள்ள பெடல்களிலோ, அதன் வேகக் குறைவால் கூர்மையான உச்ச ஒலிகள் மழுங்கி, மணலை அரைப்பதுபோன்ற ஒரு கரகரப்பு எஞ்சுகிறது. வேகமான புதிய சிப்பை மாட்டினால் இரைச்சல் குறையும். கூடவே அந்தக் கரகரப்பும் போய்விடும், பிறகு இந்தப் பெடலை எதற்கு வாங்கினோம்?

ஆம்ப்ளிஃபயரைத் தூய ஒலியில் வைத்து, பெடலின் கெயினை (கரகரப்பைக் கூட்டும் திருகை) பாதியில் நிறுத்தி, இரண்டு மூன்று கம்பிகளில் மட்டும் வாசித்துத் தொடங்குங்கள். ஆறு கம்பிகளையும் சேர்த்து மீட்டினால் ஒலி குழம்பிவிடும். அப்போது பெடலைத் தொடாமல், கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தாலே சுரங்கள் பிரிந்து கேட்கும்.